தொற்றுநோய்க் கணித மாதிரிகளை நம் வட்டாரத்திலேயே இயக்கக் கற்பது: கூட்டாய்வுக்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு பல்கலைக்கழகத் துறையிலோ மாவட்ட சுகாதார அலுவலகத்திலோ பணியாற்றிக்கொண்டு, நோய் எப்படிப் பரவும் என்பதைச் சமன்பாடுகளாலும் நிரலாலும் கணக்கிடும் (அதாவது கணித மாதிரி உருவாக்கும்) வெளியிலுள்ள மாதிரியாக்கக் குழு ஒன்றோடு கூட்டாய்வு தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் டிங்கிக் காய்ச்சலே. நம்மிடம் ஆண்டு முழுவதும் இருக்கும் நோய் என்பதால், கொள்ளைநோய் வரும்வரை காத்திராமல் இன்றே பழகுவதற்கு அது போதும்.

இத்தகைய கூட்டாய்வின் நோக்கம் உள்ளூர்த் திறனை வளர்ப்பது. திறன் என்ற சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்துகிறேன். டிங்கி ஏறத் தொடங்கும் ஒரு திங்கட்கிழமை காலையில், நம் அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் அந்த வாரத் தரவைத் திறந்து, மாதிரியை இயக்கி, பிழை காட்டினால் தாமே திருத்தி, மாலைக்குள் மேலதிகாரிக்கு விளக்கிச் சொல்ல முடிய வேண்டும். சான்றிதழ்களையும் கூட்டாக வெளியிட்ட கட்டுரைகளையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கணிதத்தில் அன்று, வரிசையில்தான். முதலில் நிதி, அடுத்து பயிற்சிப் பட்டறை, பிறகு மாதிரி, பிறகு தரவு, கடைசியில் கேள்வி என்று போகிறார்கள். கீழே உள்ள படிகள் ஏறத்தாழ அதன் தலைகீழ் வரிசை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு வகை ஆட்கள் வேண்டும்: நோய்த்தடுப்பு முடிவுகளில் கையெழுத்திடும் பொது சுகாதார மருத்துவர் ஒருவர், தரவைப் பதிவு செய்து சரிபார்க்கும் ஊழியர் ஒருவர், நிரல் எழுதக்கூடிய இருவர், கொசு ஆய்வில் பழகிய பூச்சியியல் ஊழியர் ஒருவர். நிரலாளர் ஒருவர் போதும் என்று எவரும் சொன்னால் ஏற்காதீர்கள். அவர் மேற்படிப்புக்கோ சிங்கப்பூர் வேலைக்கோ போகும் நாளில் திட்டமும் அவரோடு போய்விடும்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. வாரத் தரவில் இயங்கும் மாதிரிக்குச் சாதாரண மடிக்கணினியும் இலவசமான ஆர் நிரல்மொழியும் போதும். பணம் வேண்டியது சம்பளத்துக்கு. விண்ணப்பத்தில் கணினிக்கு நாற்பதாயிரம் ரிங்கிட்டும் ஆய்வு உதவியாளருக்கு ஆறு மாதச் சம்பளமும் கேட்பவர்களிடம், அந்த இரண்டையும் இடம் மாற்றச் சொல்வேன்.

2. கேள்வியை உள்ளூரில் எழுதுங்கள்

‘பினாங்கில் டிங்கியை முன்கணிப்பது’ என்பது கேள்வியாகாது. யார், எந்த நாளில், எதைப் பற்றி முடிவெடுக்கிறார் என்று கேட்டு, அந்த முடிவுக்கு எது உதவும் என்று எழுதினால்தான் கேள்வி பிறக்கும். ‘தீமோர் லாவுட், பாராட் டாயா, செபராங் பிறையின் மூன்று மாவட்டங்கள் ஆகிய ஐந்தில், அடுத்த நான்கு வாரங்களில் எதில் நோயாளிகள் கூடுவார்கள், கொசு ஒழிப்புக் குழு ஒன்றை எங்கிருந்து எங்கே மாற்றலாம்?’ என்பது கேள்வி.

இதை முதலிலேயே வைப்பதற்குக் காரணம், முன்கணிப்பின் காலத் தொலைவை இதுவே தீர்மானிக்கிறது என்பதுதான். நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் கிருமி வளர்ந்து பரவத் தயாராக ஏறத்தாழ 8 முதல் 12 நாள்கள் ஆகின்றன; அந்தக் கொசு கடித்தவருக்குக் காய்ச்சல் தோன்ற மேலும் 4 முதல் 10 நாள்கள் ஆகின்றன. ஆகவே இன்று அழித்த கொசுவின் பலன், நோயாளிகளின் எண்ணிக்கையில் தெரிவதற்கு இரண்டு வாரமாவது செல்லும். கொசு ஒழிப்புக்கு ஒரு வார முன்கணிப்பு பயன்படாது. மருத்துவமனைப் படுக்கைகளை ஒதுக்கவோ அது நன்றாகவே பயன்படும். ஒரே தரவு, ஒரே நோய், ஆனால் இரண்டு கேள்விகளுக்கு இரண்டு வெவ்வேறு மாதிரிகள்.

கேள்வியை ஒரு பக்கத்துக்குள் மலாயில் எழுதி, முடிவெடுப்பவரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். வெளிக்குழுவை அணுகும்போது அந்தப் பக்கம் கையில் இல்லாவிட்டால், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிக்குப் பொருந்தும் கேள்வியே உங்கள் கேள்வியாகிவிடும்.

3. தரவு வரும் வழியை நடந்து பாருங்கள்

இந்தப் படியை எவரும் தாண்டக்கூடாது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் விதைக்கப்படுகின்றன.

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, டிங்கி என்று ஐயுறும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் விசாரணை, உறுதிப்படுத்தல், பதிவு என்று நகர்கிறது. இந்த வழியில் ஒரு நோயாளிக்கு நான்கு தேதிகள் சேர்ந்துவிடுகின்றன: காய்ச்சல் தொடங்கிய தேதி, மருத்துவரைப் பார்த்த தேதி, அறிவித்த தேதி, பதிவான தேதி. எந்தத் தேதியை வைத்து எண்ணுகிறீர்கள் என்று தெரியாமல் வரைந்த வளைவுக்குப் பொருளில்லை.

காய்ச்சல் தொடங்கிய தேதியை வைத்து வரைந்தால், கடைசி இரண்டு வாரங்கள் எப்போதும் இறங்குவதுபோல் தெரியும். நோய் குறைந்துவிட்டதாகப் புதியவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள். உண்மையில் அந்த வாரங்களின் நோயாளிகள் பலர் இன்னும் அறிவிக்கப்படவே இல்லை. இதைத் திருத்தும் கணக்கு முறைகள் உள்ளன. ஆனால் அவற்றுக்கு, ஒரு வாரத்தின் எண்ணிக்கை அடுத்தடுத்த வாரங்களில் எப்படி வளர்ந்தது என்ற பதிவு வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அன்றைய கோப்பை அப்படியே தேதியிட்டுத் தனியாகச் சேமியுங்கள். பழைய கோப்பின்மேல் புதியதை எழுதும் பழக்கம் அலுவலகங்களில் பரவலாக உண்டு. அழிந்த அந்தப் பதிவைப் பிறகு எந்த நிபுணராலும் மீட்டுத் தர முடியாது.

அடுத்து, தேதி எழுதும் முறை. ஒருமுறை ஒரு முதுகலை மாணவர் வரைந்து காட்டிய படத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாள்களில் மட்டுமே நோயாளிகள் இருந்தார்கள்; 13ஆம் நாள் முதல் வெறுமை. அவர் அதற்கு மழையோடு தொடர்பு தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த தரவு ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, உங்க எக்செல் அமெரிக்கக் கணக்குல இருக்கு’ என்றார். 05/06 என்று நாம் எழுதிய ஜூன் 5ஆம் தேதியை அந்தக் கணினி மே 6 என்று படித்திருந்தது. 13/06 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. வெளிநாட்டுக் கணினிக்குக் கோப்பை அனுப்பும் முன், தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

வாரத்திலும் இதே சிக்கல். நம் சுகாதார அமைச்சின் நோய்ப்பரவல் வாரம் ஞாயிறன்று தொடங்கிச் சனியன்று முடிகிறது. நிரல்மொழிகளில் பரவலாக இருக்கும் பன்னாட்டு வாரக்கணக்கு திங்களில் தொடங்குகிறது. 2023இன் 40ஆவது வாரம் நமக்கு அக்டோபர் 1 முதல் 7 வரை. மற்றக் கணக்கில் 2 முதல் 8 வரை. ஒரு நாள்தானே என்று விட்டால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை நோயாளியும் முந்தைய வாரத்தில் போய் விழுவார்.

முகவரியையும் நம்பிவிடாதீர்கள். பதிவில் இருப்பது பெரும்பாலும் வீட்டு முகவரி. ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிக்கும் கொசு. பெருநிலத்தின் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, தினமும் பாலத்தைக் கடந்து தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவருக்குக் கடி எந்தக் கரையில் கிடைத்தது? விசாரணைப் படிவத்தில் வேலையிடம் எழுதப்பட்டிருக்கலாம்; கணினிக் கோப்புக்கு அது வந்ததா என்று பாருங்கள். ‘தாமான்’ என்றும் சுருக்கமாக ‘டிஎம்என்’ என்றும், ‘ஜாலான்’ என்றும் சுருக்கமாக ‘ஜேஎல்என்’ என்றும் ஒரே இடம் பல விதமாக எழுதப்பட்டிருப்பதை ஒழுங்குபடுத்த ஓர் ஆளுக்குச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட அலுவலகத்தில் தரவு ஊழியரோடு இரண்டு முழு நாள் அமர்ந்தால் இவ்வளவும் தெரியவரும். அந்த ஊழியரின் பெயர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பெயர்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

4. அனுமதிகளை முன்கூட்டியே தொடங்குங்கள்

அமைச்சின் தரவையோ ஊழியர்களையோ நிலையங்களையோ சார்ந்த ஆய்வு, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகி, அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். உங்கள் பல்கலைக்கழகமும் வெளிக்குழுவின் பல்கலைக்கழகமும் தத்தம் ஒப்புதலைத் தனியே கேட்கலாம். அமைச்சின் தரவைக் கொண்டு எழுதிய கட்டுரையை வெளியிடும் முன் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் மாதங்களை நிதிக் காலத்துக்குள் வைத்தால், ஈராண்டுத் திட்டத்தில் வேலை செய்ய ஓராண்டுதான் மிஞ்சும். ஆகவே நிதி கிடைக்கும் முன்பே விண்ணப்பத்தை எழுதி முடியுங்கள்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்பதைக் காட்டி, நோயாளிப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் தடுக்கவில்லை என்பதால் நோயாளியின் அடையாள அட்டை எண் நாடு கடந்து போக வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் மாதிரிக்குத் தேவையே இல்லை.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் இருக்க, உண்மைக் கோப்பில் உள்ள அதே நெடுவரிசைகளைக் கொண்ட புனைவுத் தரவு ஒன்றை உருவாக்கி, அதில் நிரல் எழுதிப் பழகுங்கள். 2021 ஜூலை முதல் அமைச்சு, நிரலும் தரவும் பகிரப்படும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வெளியிட்ட கோவிட்-19 தரவும் நல்ல பயிற்சிக் களம். அனுமதி வந்த நாளில் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

5. கூட்டாளியைத் தேர்ந்தெடுங்கள்

பெயர் பெற்ற ஐரோப்பியக் குழு என்றாலே முதலில் மனம் அங்கே போகிறது. அதில் பிழையில்லை, ஆனால் பக்கத்தையும் பாருங்கள். பாங்காக்கில் 1979 முதல் இயங்கும் மஹிடோல் ஆக்ஸ்போர்டு வெப்பமண்டல மருத்துவ ஆய்வகத்துக்குத் தனி மாதிரியாக்கக் குழு உண்டு. ஹோ சி மின் நகரின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வகம் 1991 முதல் இருக்கிறது. சிங்கப்பூர் நமக்கு அடுத்த வீடு. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உள்ளது. இவர்கள் பார்க்கும் டிங்கி நம் டிங்கியைப் போன்றது. நேர வேறுபாடும் பாங்காக்குக்கு ஒரு மணி, சென்னைக்கு இரண்டரை மணிதான். நிரல் காலை பத்து மணிக்கு முறிந்தால் பத்தரைக்கு உதவி கேட்கலாம். லண்டன் விழிக்கும்போது நமக்கு மாலை நான்கு.

எவரைத் தேர்ந்தாலும் மூன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு கூட்டாய்வு செய்த நாட்டில் அவர்கள் எழுதிய நிரலை இன்று யார் இயக்குகிறார்கள்? தம் குழுவிலிருந்து ஒருவரை மூன்று மாதமாவது இங்கே உட்கார அனுப்புவார்களா? நிதியில் எத்தனை பங்கு இங்குள்ள சம்பளத்துக்கு வரும்? முதல் கேள்விக்குத் தெளிவான விடை இல்லையென்றால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை.

6. உடன்படிக்கையில் எழுத வேண்டியவை

துணைவேந்தர்கள் கைகுலுக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் எதையும் கட்டுப்படுத்தாது. அதற்குக் கீழே, வேலை செய்பவர்கள் கையெழுத்திடும் இரண்டு பக்க உடன்படிக்கை ஒன்று தேவை. தரவு எங்கே இருக்கும், நிரலை யார் மாற்றலாம், கட்டுரையின் முதல் ஆசிரியரும் இறுதி ஆசிரியரும் யார், பத்திரிகைக்கு யார் பேசுவார், நிதி முடிந்தபின் நிரல் யாருடையது என்பவற்றைப் பெயரோடு எழுதுங்கள்.

இது நட்பைச் சந்தேகிப்பதாகாது. 2007இல் இந்தோனேசியா தன் நோயாளிகளிடம் எடுத்த பறவைக் காய்ச்சல் கிருமிகளைப் பகிர மறுத்தபோது, அதன் பின்னால் இருந்தது பகிர்ந்தவருக்கு என்ன திரும்பி வரும் என்ற எழுதப்படாத கேள்விதான். பெருந்தொற்றுச் சளிக்காய்ச்சலுக்கான உலகளாவிய ஏற்பாடு ஒன்று அதன்பின் 2011இல்தான் உருவானது. என் அளவில் நடந்ததையும் சொல்கிறேன். நாங்கள் ஓராண்டு துப்புரவு செய்து கொடுத்த தரவு, ஒரு வெளிக்குழுவின் கட்டுரையில் ‘உள்ளூர்ப் பணியாளர்களுக்கு நன்றி’ என்ற ஒரே வரியாக முடிந்தது. அவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நாங்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையைச் செய்த தரவு ஊழியர் அடுத்த திட்டத்துக்கு வர மறுத்துவிட்டார். அந்த இழப்பு இன்றும் எனக்கு வருத்தம்.

7. மிக எளிய மாதிரியில் தொடங்குங்கள்

முதல் முன்கணிப்பு இதுவாக இருக்கட்டும்: வரும் வாரமும் சென்ற வாரம்போலவே இருக்கும். இரண்டாவது: சென்ற ஆண்டுகளின் இதே வாரச் சராசரி. இவற்றை ஒப்பிடும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, பின்னால் செய்யும் எந்த மாதிரியும் இவற்றை வெல்கிறதா என்று பாருங்கள். வெல்லாத மாதிரிக்கு அலுவலகத்தில் இடமில்லை, அது எத்தனை அழகாயிருந்தாலும்.

சராசரி எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. மலேசியாவில் 2019இல் 130,101 பேருக்கு டிங்கி பதிவானது. 2021இல் 26,365 பேருக்கு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆண்டுகளை மற்ற ஆண்டுகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அளவுகோல் தாழ்ந்துபோய், எல்லா வாரமும் அபாய வாரமாகத் தெரியும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி, மனிதர்களையும் கொசுக்களையும் நோய் நிலைப்படி பல பெட்டிகளாகப் பிரித்து, பன்னிரண்டு அளவுருக்களுடன் (பரவும் வேகம் போல, மாதிரிக்கு நாம் கொடுக்க வேண்டிய எண்களுடன்) சமன்பாடு எழுதி, அதை ஒரே ஒரு வார எண்ணிக்கை வரிசைக்குப் பொருத்துவது. வளைவு நன்றாகவே பொருந்தும், சிக்கலே அதுதான். டிங்கித் தொற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தெரியும்படி நோயாக வெளிப்படுவதில்லை. பரவும் வேகம் கூடி அறிவிப்பு விகிதம் குறைந்தாலும், வேகம் குறைந்து விகிதம் கூடினாலும், நமக்குத் தெரியும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். அந்த இரண்டையும் அத்தரவால் பிரித்தறிய முடியாது. ஓர் அளவுருவைச் சேர்க்கும் முன், அதைத் தீர்மானிக்கும் தரவு எது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

எந்தக் கிருமி வகை ஓடுகிறது என்ற ஆய்வகத் தகவல் மட்டும் கிடைத்தால் விடாதீர்கள். டிங்கிக் கிருமியின் நான்கு வகைகளில் முன்னணி வகை மாறும்போது, எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் கூடிவிடுவதால், பழைய ஆண்டுகளை மட்டும் படித்த மாதிரி அங்கே தவறும்.

8. பட்டறைக்குப் பதில் இரண்டு நாற்காலி

ஐந்து நாள் பயிற்சிப் பட்டறையில் நாற்பது பேர் அமர்வார்கள். ஆறாம் நாள் ஒருவரும் நிரலைத் திறக்க மாட்டார்கள். அதே பணத்தில், நிரலாளரும் சுகாதார ஊழியரும் ஒரே திரைமுன் வாரம் ஓர் அரைநாள் அமர ஏற்பாடு செய்யுங்கள். நிரலாளருக்கு நோயும் சுகாதார ஊழியருக்கு நிரலும் அங்கேதான் புரியும்.

முதல் சில மாதங்கள் விசைப்பலகை வெளிக்குழுவின் ஆளிடம் இருக்கலாம். பிறகு மாறி மாறி. பிறகு நம்மவர் மட்டும் தொட, அவர் கைகட்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாம் கட்டம் இருவருக்குமே பொறுமையைச் சோதிக்கும். அவர் ஐந்து நிமிடத்தில் திருத்துவதை நம்மவர் அரைநாள் தேடுவார். அந்த அரைநாளை அவசரத்துக்காக விட்டுக்கொடுத்தால் திறன் வளராது.

குறிப்புகளை அலுவலகத்தில் எல்லாரும் படிக்கும் மலாயில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, நிரலை எழுதாத ஒருவர், புதிய கணினியில், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதை முதலிலிருந்து இயக்கிப் பார்க்கட்டும்.

9. முன்கணிப்பைப் பதிந்து, பிறகு சரிபாருங்கள்

ஒவ்வொரு முன்கணிப்பையும் வாரம் தொடங்கும் முன் தேதியிட்டுப் பூட்டி வையுங்கள். 90 விழுக்காட்டு இடைவெளி, அதாவது உண்மை எண் இதற்குள் இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று நீங்கள் கொடுத்த எல்லைகள், நூற்றில் ஏறத்தாழ தொண்ணூறு முறை உண்மையைப் பிடிக்க வேண்டும். அறுபது முறைதான் பிடித்தால் மாதிரி தன்னை மிகையாக நம்புகிறது. நூறு முறையும் பிடித்தால் இடைவெளி பயனற்ற அளவுக்கு அகலம்.

மேலதிகாரிக்கு ஒரே பக்கம் போதும்: எந்த மாவட்டம், எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, சென்ற மாதம் சொன்னது எந்த அளவுக்குச் சரியாக இருந்தது. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் மக்களிடம் ‘கணிப்பு’ என்ற சொல் ஆரூடத்தின் நிழலோடுதான் போய்ச் சேர்கிறது. பலித்ததா பொய்த்ததா என்றே கேட்பார்கள். தமிழ்ப் பத்திரிகைக்கோ வானொலிக்கோ பேசும்போது ‘ஐந்நூறு பேருக்கு வரும்’ என்று சொல்லாமல், ‘இதே நிலை நீடித்தால் நானூறிலிருந்து எழுநூறு பேர்வரை பாதிக்கப்படக்கூடும்’ என்று சொல்லப் பழகுங்கள்.

10. கூட்டாளி இல்லாமல் நான்கு வாரம்

நிதி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒத்திகை ஒன்று நடத்துங்கள். நான்கு வாரங்களுக்கு வெளிக்குழு எந்தச் செய்திக்கும் பதில் தரக்கூடாது. அந்த நான்கு திங்கட்கிழமைகளிலும் அறிக்கை குறித்த நேரத்தில் வெளிவந்தால் சரி. வராவிட்டால் எங்கே நின்றது என்று எழுதி, மீதமுள்ள ஐந்து மாதத்தையும் அந்த ஓட்டையை அடைக்க மட்டுமே செலவிடுங்கள். புதிய மாதிரி எதையும் தொடங்க வேண்டாம்.

அரசு ஊழியர்களுக்கு இடமாற்றம் வரும். அதைத் தடுக்க முடியாது, பயன்படுத்திக்கொள்ளலாம். கெடாவுக்கோ பேராக்குக்கோ மாற்றலாகிப் போகிறவர் நிரலின் ஒரு நகலோடும் உங்கள் தொலைபேசி எண்ணோடும் போகட்டும். அங்கே அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர ஒருவரைத் தேடிக் கொடுப்பதும், முதல் இரண்டு மாதம் திங்கட்கிழமைகளில் அவர் அழைத்தால் எடுப்பதும் உங்கள் குழுவின் வேலை. அந்த மாநிலத்தின் கோப்பிலும் 13ஆம் நாளுக்குப் பிறகு வெறுமை தெரிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.